மின்சாரத்தின் கதை – 17: கடலடியில் நீண்டுபோன துடிப்பு

லைடன் ஜாடியையும் ஜோசப் ஹென்றியின் கம்பிச்சுருளையும் ஒரே சுற்றில் சேர்த்துக் கணக்குப் போட்ட கிளாஸ்கோ பேராசிரியரோடு சென்ற இதழை நிறுத்தியிருந்தோம். வில்லியம் தாம்சன், பிற்காலத்து லார்ட் கெல்வின், 1853-இல் கண்டது இது: சுற்றின் மின்தடை போதிய அளவு குறைவாக இருந்தால், ஜாடியில் நிறைந்த மின்னூட்டம் ஒரேயடியாக வடிந்துபோகாது, சுருளின் வழியே அப்பக்கமும் இப்பக்கமும் ஊசலாடி மெல்ல அடங்கும். மின்தடை கூடினால் ஊசலாட்டம் இராது, வெறும் வடிதல்தான். மின்தேக்கி, மின்தூண்டி, மின்தடை மூன்றும் கூடிய சுற்றின் குணத்தைத் தெளிவான கணிதத்தில் எழுதிவைத்த கட்டுரை அது. அடுத்த ஆண்டே, வேறொரு கணக்கில், அவர் மின்தூண்டியை ஒதுக்கிவைத்தார். ஒதுக்கியது சரிதான். ஆனால் பின்னால் வந்த பொறியாளர்கள் அது ஒதுக்கப்பட்ட காரணத்தை மறந்தார்கள். தொலைபேசித் துறை அந்த மறதிக்குக் கொடுத்த விலை பெரிது.

கதை லண்டனில் தொடங்குகிறது. கம்பத்தில் கட்டி இழுத்த தந்திக் கம்பிகளில் எந்தத் தொல்லையும் தெரியவில்லை. சாவியை அழுத்தினால் மறுமுனையில் ஊசி துள்ளும், விட்டால் விழும். கம்பிக்குக் குட்டா பெர்ச்சா உறையிட்டு மண்ணுக்கடியிலும் நீருக்கடியிலும் பதிக்கத் தொடங்கியபோதுதான் ஊசி சோம்பத் தொடங்கியது. குட்டா பெர்ச்சா என்பது மலாய்க் காட்டு மரமொன்றின் பால். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீரில் கெடாது. அந்த மரப்பால் இல்லாமல் அன்றைக்குக் கடலடித் தந்தி இல்லை. சிக்கலும் அதன் கூடவே வந்தது.

தந்திப் பொறியாளர் லாட்டிமர் கிளார்க் இதைக் கவனித்து மைக்கேல் ஃபாரடேயை அழைத்துக் காட்டினார். உறையிட்ட 100 மைல் கம்பியைத் தண்ணீரில் அமிழ்த்தி மின்கலத்தோடு இணைத்தார்கள். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கம்பியைத் தொட்டால் அதிர்ச்சி அடித்தது. மின்கலம் அங்கே இல்லை. கம்பிக்குள் மின்னூட்டம் தங்கியிருந்தது. அதே கம்பியைக் காற்றில் தொங்கவிட்டுச் சோதித்தால் இந்த விளைவு தென்படவில்லை. ஃபாரடேக்கு உடனே புரிந்தது. உள்ளே செம்பு, நடுவே குட்டா பெர்ச்சா, வெளியே தண்ணீர். இது கம்பி மட்டுமல்ல, 100 மைல் நீளமுள்ள லைடன் ஜாடியும்கூட. செம்பின் மேற்பரப்பு மட்டும் சுமார் 8,300 சதுர அடி என்று கணக்கிட்டார். எந்த ஆய்வகத்திலும் அப்படியொரு ஜாடி இருந்ததில்லை. லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே மண்ணடிக் கம்பிகளைத் தொடராக இணைத்து 1,500 மைல் ஆக்கியபோது, ஒரு முனையில் கொடுத்த மின்னோட்டம் மறுமுனையில் தலைகாட்ட ஏறத்தாழ 2 நொடி ஆனது. 1854 ஜனவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடையில் ஃபாரடே இதையெல்லாம் விளக்கினார்.

நம் மேசைமீது செய்துபார்க்கக்கூடிய சின்னச் சுற்று ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். 1 கிலோ ஓம் மின்தடை, அதற்குத் தொடராக 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. இரண்டையும் பெருக்கினால் 1 மில்லி நொடி வரும். இதுதான் இந்தச் சுற்றின் கால மாறிலி. திடீரென 10 வோல்ட் கொடுத்தால் மின்தேக்கியின் மின்னழுத்தம் தாவாது, ஏறும். 1 மில்லி நொடியில் 63 சதவீதம், 3 மில்லி நொடியில் 95, 5 மில்லி நொடியில் 99. இனி நிலையான வோல்ட்டுக்குப் பதிலாக ஒரு துடிப்பு கொடுங்கள். துடிப்பின் அகலம் 10 மில்லி நொடி என்றால் மின்தேக்கியில் கிட்டத்தட்ட அதே சதுர வடிவம் கிடைக்கும், தோள்கள் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருக்கும். அகலம் 1 மில்லி நொடி என்றால் 63 சதவீதம் ஏறியதுமே துடிப்பு முடிந்து, ஏற்றம் இறக்கமாக மாறிவிடும். அகலம் அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் 10 சதவீதத்தைக்கூட எட்டாது. ஒரு சின்ன மேடு, பின்னால் நீண்ட வால். அந்த வால் வடியுமுன் அடுத்த துடிப்பு வந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். புள்ளி எது, கோடு எது என்று பிரிக்க முடியாது. தந்திக்காரர்களின் தலைவலி முழுவதும் இந்த வாலில்தான் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, 10 வோல்ட்டுக்குப் பதில் 1,000 வோல்ட் கொடுத்தாலும் 63 சதவீதத்துக்கு ஏறும் நேரம் அதே 1 மில்லி நொடிதான். மேடு நூறு மடங்கு உயரும். வாலும் நூறு மடங்கு தடிக்கும். வடிவம் மாறாது. இந்த ஒரு செய்தியை ஏற்க மறுத்ததில் ஒரு பெரிய கேபிளே சேதப்பட்டது.

1854 அக்டோபரில் தாம்சன் தம் நண்பர் ஜார்ஜ் ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதங்களில் கேபிளின் கணக்கைத் தீர்த்தார். ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி என்று இல்லாமல், அங்குலத்துக்கு அங்குலம் கொஞ்சம் மின்தடையும் கொஞ்சம் தேக்குத்திறனும் பரவிக் கிடக்கும் கம்பி அது. சமன்பாட்டை எழுதிப் பார்த்தால், உலோகத் தண்டில் வெப்பம் பரவுவதற்கு ஃபூரியே எழுதிய அதே சமன்பாடு! தாம்சன் ஃபூரியேவை மாணவப் பருவத்திலேயே கரைத்துக் குடித்தவர். மின்னோட்டம் கேபிளில் அம்புபோல் பாய்வதில்லை, வெப்பம்போல் பரவுகிறது என்பதை அவர் கண்டார். காய்ந்து கிடக்கும் நீண்ட வாய்க்காலில் தலைமதகைத் திறந்ததும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது. வழியெல்லாம் நிரம்பிக்கொண்டே வரும். மதகை மூடிய பிறகும் கடைமடையில் ஓட்டம் நிற்காது. தேங்கியது வடிந்து தீர வேண்டும். கேபிளிலும் அதுவே நடக்கிறது.

கேபிளின் நீளம் இரட்டித்தால் மொத்த மின்தடை இரட்டிக்கிறது, மொத்தத் தேக்குத்திறனும் இரட்டிக்கிறது. தாமதம் இவ்விரண்டின் பெருக்கலைப் பொறுத்தது. ஆகவே நான்கு மடங்கு. தாமதம் நீளத்தின் இருமடியைப் போல வளர்கிறது. இதுவே தாம்சனின் இருமடி விதி. 1851-இல் டோவருக்கும் கலேக்கும் இடையே போட்ட கேபிள் சுமார் 40 கிலோமீட்டர். அதே கேபிளை அட்லாண்டிக் குறுக்கே 3,200 கிலோமீட்டர் இழுத்தால் நீளம் 80 மடங்கு, தாமதம் 6,400 மடங்கு. (இன்று சில்லுக்குள் மயிரிழையினும் மெல்லிய கம்பிகளை வரையும் பொறியாளர்கள் இதே விதியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அதனால்தான் நீண்ட கம்பியை நடுநடுவே வெட்டிப் பெருக்கிகளைச் செருகுகிறார்கள்.) தீர்வையும் தாம்சனே சொன்னார்: செம்பைத் தடிமனாக்குங்கள், உறையையும் தடிமனாக்குங்கள். தடித்த செம்பு மின்தடையைக் குறைக்கும்; தடித்த உறை தேக்குத்திறன் ஏறாமல் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கில்தான் அவர் தன்மின்தூண்டலை விட்டுவிட்டார். கடலடிக் கேபிளின் மின்தடை அவ்வளவு அதிகம், தந்தித் துடிப்பு அவ்வளவு மெதுவானது. இரண்டுக்கும் முன்னால் தூண்டலின் பங்கு அற்பம். அந்தக் கேபிளுக்கு, அந்த வேகத்துக்கு, விட்டது குற்றமில்லை.

1856-இல் அமெரிக்க வணிகர் சைரஸ் ஃபீல்டின் முயற்சியில் அட்லாண்டிக் டெலிகிராஃப் கம்பெனி பிறந்தது. அதன் மின்னியலாளராக அமர்ந்தவர் வைல்ட்மன் வைட்ஹவுஸ், பிரைட்டன் நகரத்து அறுவைச் சிகிச்சை மருத்துவர். இருமடி விதி ஏட்டுச் சுரைக்காய் என்பது அவர் வாதம். நூற்றுக்கணக்கான மைல் கம்பியில் தாம் செய்த அளவீடுகளைக் காட்டி 1856-இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் தாம்சனை எதிர்த்தார். அவரைப் போலி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் வழக்கம் நூல்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பொறுமையாகச் சோதனை செய்தவர். அவர் அளந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் எதை அளக்கிறோம் என்ற தெளிவு இல்லை. ஒரு துடிப்பு எப்போது தலைகாட்டுகிறது என்பது வேறு, எப்போது உச்சிக்கு ஏறி வடிகிறது என்பது வேறு. உணர்கருவியை மாற்றினால் முதலாவது எண் மாறிவிடும். தாம்சனின் விதியோ முழு வளைவையும் பற்றியது.

கம்பெனிக்கு அவசரம். விவாதம் முடியுமுன் கேபிள் தயாராகிவிட்டது: கடல்மைலுக்கு 107 ராத்தல் செம்பு, 261 ராத்தல் குட்டா பெர்ச்சா. தாம்சன் கேட்ட தடிமன் அதில் இல்லை. செம்பின் தூய்மை துண்டுக்குத் துண்டு வேறுபட, அதன் கடத்துதிறனும் வேறுபட்டது. கேபிளை வெயிலில் போட்டு வைத்ததில் குட்டா பெர்ச்சா இளகிச் சில இடங்களில் செம்பு நடுவிலிருந்து விலகியும் இருந்தது. 1857-இல் பதிக்கும்போது அறுந்தது. 1858 கோடையிலும் சில முறை அறுந்தது. கடைசியில் அகமெம்னான், நயாகரா என்ற இரண்டு கப்பல்கள் நடுக்கடலில் முனைகளை இணைத்து எதிரெதிர் திசையில் போக, 1858 ஆகஸ்ட் 5 அன்று அயர்லாந்தின் வலென்ஷியா தீவும் நியூஃபவுண்ட்லாந்தின் டிரினிட்டி விரிகுடாவும் ஒரே கம்பியால் இணைந்தன.

வைட்ஹவுஸ் தம் ஐந்தடி நீளத் தூண்டு சுருள்களைக் கொண்டுவந்தார். துடிப்பு சோர்ந்து வந்தால் இன்னும் ஓங்கித் தள்ளு என்பதுதான் அவர் முறை. அந்தச் சுருள்கள் சுமார் 2,000 வோல்ட் கொடுத்திருக்கும் என்று பின்னால் விசாரணையில் மதிப்பிட்டார்கள். மறுமுனையில் அவருடைய ரிலே அசையவில்லை. தாம்சன் கொண்டுவந்தது வேறு வகைக் கருவி. நுண்ணிய காந்தத் துண்டுகளை முதுகில் ஒட்டிய குட்டிக் கண்ணாடி, பட்டிழையில் தொங்கும். அதன்மேல் விளக்கொளி விழுந்து சுவரில் ஒரு பொட்டாகத் தெரியும். மின்னோட்டம் மிகச் சிறிதளவு ஏறினாலும் பொட்டு நகரும். துடிப்பு உச்சிக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வளைவின் அடிவாரத்திலேயே அதைப் படித்துவிடலாம். அடிவாரத்தில் படித்தால் குறைந்த மின்னழுத்தம் போதும், கேபிளில் தேங்குவதும் குறைவு, வாலும் மெலிவு.

கேபிளுக்குள் இருக்கும் நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. அந்த நேரத்தின் எந்தப் பகுதியை நாம் பயன்படுத்துகிறோம் என்பதை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். தாம்சன் அதைத் தேர்ந்தெடுத்தார். துடிப்பின் இயல்பை அறிந்தவனுக்கும் அதோடு மோதுபவனுக்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி மின்னியல் வரலாற்றில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆகஸ்ட் 16 அன்று விக்டோரியா மகாராணி அமெரிக்க அதிபர் புக்கேனனுக்கு அனுப்பிய செய்தி போயிற்று. 98 சொற்கள், 16 மணி நேரம். சொல்லுக்குப் பத்து நிமிடம்! நியூயார்க்கில் வாணவேடிக்கை விட்டு நகர மண்டபத்தின் கூரைக்கே தீ வைத்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி கண்ணாடிக் கருவியில் படிக்கப்பட்டதுதான் என்பதும், வைட்ஹவுஸ் அப்படி வந்த செய்திகளைத் தம் கருவியில் மறுபடி பதிந்து தம்முடையதாகக் காட்டினார் என்பதும் பின்னர் வெளிப்பட்டன. கம்பெனி அவரை நீக்கியது. அதற்குள் கேபிளின் பலவீனமான இடங்களில் காப்பு நைந்திருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் கேபிள் பேச்சு மூச்சற்றுப் போனது. வாழ்ந்த சில வாரங்களில் அது செய்த ஒரே லாபகரமான வேலை இந்தியாவைச் சேர்ந்தது: 1857 கிளர்ச்சியை முன்னிட்டுக் கனடாவிலிருந்து புறப்பட இருந்த இரண்டு படைப்பிரிவுகளுக்கு வர வேண்டாம் என்று போன ஒரு தந்தி. அதனால் மிச்சமானது சுமார் 50,000 பவுன் என்கிறார்கள்.

கேபிளின் சாவுக்கு வைட்ஹவுஸை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமில்லை. வெயிலில் இளகிய உறை 2,000 வோல்ட் இல்லாமலும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அரசும் கம்பெனியும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு 1861-இல் அறிக்கை தந்தபோது, குறை தயாரிப்பிலும் இருந்தது, அளவை முறைகளிலும் இருந்தது என்பது விளங்கியது. மின்தடைக்கும் தேக்குத்திறனுக்கும் எல்லாரும் ஒப்பிய அலகுகள்கூட அன்று இல்லை. 1861-இல் அலகுகளுக்குப் பெயர் முன்மொழிந்த கிளார்க்கும் சார்லஸ் பிரைட்டும் கேபிள் மனிதர்கள்தாம். ஃபாரட் என்ற பெயர் அவர்கள் வாயிலிருந்து வந்தது.

1866-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் பதித்த கேபிளில் கடல்மைலுக்கு 300 ராத்தல் செம்பு, 400 ராத்தல் குட்டா பெர்ச்சா. தாம்சன் கேட்டது கிடைத்தது. நிமிடத்துக்கு எட்டுச் சொற்கள் போயின. முந்தைய ஆண்டு அறுந்து கடலில் கிடந்த கேபிளையும் தூக்கி முடித்து இரண்டையும் மறுகரையில் ஒன்றாக இணைத்தபோது, லாட்டிமர் கிளார்க் வலென்ஷியாவில் ஒரு பெண்மணியின் வெள்ளி விரலுறையை வாங்கினார். அதில் கொஞ்சம் அமிலமும் ஒரு துத்தநாகத் துண்டும் போட்டு மின்கலமாக்கி, அட்லாண்டிக்கைப் போகவரக் கடந்து குறிப்பு அனுப்பிக் காட்டினார். ஐந்தடிச் சுருளால் ஆகாத காரியம் விரலுறையால் ஆனது.

அதன் பின் கேபிள்கள் உலகெங்கும் பரவின. 1871-இல் சென்னை, பினாங்கு வழியாகச் சிங்கப்பூரோடு கேபிளில் இணைந்தது. துடிப்பின் வாலை நறுக்கும் வித்தைகளும் பெருகின. அவற்றில் குரோம்வெல் வார்லி 1862-இல் காப்புரிமை பெற்ற முறை அழகானது. கேபிளின் முனையில் ஒரு மின்தேக்கியைத் தொடராக வைத்தார். தொந்தரவுக்குக் காரணமே தேக்குத்திறன் என்னும்போது இன்னொரு மின்தேக்கியா என்று தோன்றும். ஆனால் தொடராக நிற்கும் மின்தேக்கி நிலையான மின்னழுத்தத்தை விடாது, மாற்றத்தை மட்டும் விடும். துடிப்பு ஏறும்போது ஒரு உதை, இறங்கும்போது எதிர்த்திசையில் ஒரு உதை, நடுவில் அமைதி. நீண்ட வால் மறுபக்கம் போகாது. வடதுருவ ஒளி தோன்றும் நாள்களில் பூமியிலிருந்து கேபிளில் ஏறும் மெதுவான மின்னோட்டங்களும் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது மின்தூண்டிக்கு வருவோம். அதன் குணம் மின்தேக்கிக்கு நேர் எதிர். மின்தேக்கியில் மின்னழுத்தம் தாவாது. சுருளில் மின்னோட்டம் தாவாது. திடீரென மின்னழுத்தம் கொடுத்தால் மின்தேக்கி முதல் கணத்தில் வெறும் கம்பிபோல் நடந்துகொண்டு, முடிவில் அறுந்த கம்பிபோல் நிற்கும். சுருள் முதலில் அறுந்த கம்பிபோல் தடுத்து, முடிவில் வெறும் கம்பியாகிவிடும். அதன் கால மாறிலி தூண்டல் எண்ணை மின்தடையால் வகுத்தால் வருவது. மின்னோட்டம் ஓடும்போது சுற்றைத் திறந்தால் சுருள் விடாது. ஹென்றி கண்ட தீப்பொறி அதுதான். இப்படிப்பட்ட முரட்டுப் பொருளைத் தந்தி வழியில் சேர்த்தால் துடிப்பு மேலும் மழுங்கும் என்று எவருக்கும் தோன்றும். பிரிட்டிஷ் தபால்துறையின் மின்னியல் தலைமையில் இருந்த வில்லியம் பிரீஸுக்கும் அப்படியே தோன்றியது. தொலைபேசிக்கு இரும்புக் கம்பியைவிடச் செம்புக் கம்பி நன்றாக வேலை செய்தது; இரும்பில் தூண்டல் அதிகம்; ஆகவே தூண்டல் கெடுதல் என்று அவர் முடிவுகட்டினார். இரும்பின் மின்தடை அதிகம் என்பதை அவர் உரிய இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. தாம்சன் மெதுவான தந்திக்காக எழுதிய விதியைத் தொலைபேசிக்கும் அப்படியே போட்டார்.

அதை மறுத்தவர் ஆலிவர் ஹெவிசைட். 1850-இல் லண்டன் கேம்டன் டவுனில் வறிய குடும்பத்தில் பிறந்தவர், காது மந்தம், கல்லூரிப் படி ஏறாதவர். டென்மார்க்குக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான கேபிளில் தந்திக்காரராக வேலை பார்த்து, 1874-இல் விட்டுவிட்டு வீட்டில் அமர்ந்து கணிதம் போட்டார். 1876-இல், தாம்சன் ஒதுக்கிய தூண்டலைக் கேபிள் சமன்பாட்டில் திரும்பச் சேர்த்தார். சமன்பாட்டின் இயல்பே மாறியது. துடிப்பு இனி வெப்பம்போல் பரவவில்லை. முகப்புள்ள அலையாகப் போகிறது. 1887-இல் அவர் இன்னும் மேலே போனார். கம்பியின் மின்தடைக்கும் தூண்டலுக்கும் உள்ள விகிதம், உறையின் கசிவுக்கும் தேக்குத்திறனுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமானால், துடிப்பு சிறுத்துப் போனாலும் சிதையாமல் போகும். உயர்ந்த அதிர்வெண்ணும் தாழ்ந்த அதிர்வெண்ணும் ஒரே அளவில் தேயும், ஒரே வேகத்தில் ஓடும். நடைமுறைக் கேபிள்களில் இந்தச் சமநிலைக்குக் குறையாக இருந்தது தூண்டல்தான். ஆகவே கம்பியில் சுருள்களைச் சேருங்கள் என்றார்.

நியூகாஸிலில் தபால்துறைப் பொறியாளராக இருந்த அண்ணன் ஆர்தரும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிரீஸ் அனுமதி மறுத்தார். ஹெவிசைட்டின் தொடரை வெளியிட்டுவந்த 'தி எலெக்ட்ரீஷியன்' இதழின் ஆசிரியர் பிக்ஸ் அதே ஆண்டில் பதவி இழந்தார். புதிய ஆசிரியர் தொடரை நிறுத்தினார். கடைசியில் சுருள்கள் அமெரிக்காவில்தான் கம்பியில் ஏறின. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் புப்பின் 1900-இல் காப்புரிமை பெற்றார். ஏ.டி. அண்ட் டி.-யின் ஜார்ஜ் கேம்பல் தனியாகவே அதே முடிவுக்கு வந்திருந்தும், கம்பெனி புப்பினின் உரிமையைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியது. குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு சுருள் என்று வைத்ததும் தொலைபேசிப் பேச்சு போகும் தூரம் பெருகியது. ஹெவிசைட்டுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. இன்று மின்னணுவியல் மாணவர் ஒவ்வொருவரும் சுற்றில் திடீரென மின்னழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட எடுக்கும் படிச் சார்பு அவர் பெயரைத் தாங்கியது. வகைக்கெழுவை ஓர் எழுத்தாகவே பாவித்து அவர் கட்டிய கணித முறை, கேம்பிரிட்ஜ் கணிதர்களுக்குப் பிடிக்காமல் ராயல் சொசைட்டியில் திருப்பி அனுப்பப்பட்டது.

கடலடித் தந்திக்கும் தூண்டல் வந்துசேர்ந்தது 1924-இல். நியூயார்க்குக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையே பதித்த கேபிளில், செம்பைச் சுற்றி பெர்மலாய் என்ற நிக்கல்–இரும்புக் கலவை நாடாவைக் கேபிளின் நீளத்துக்கும் சுற்றியிருந்தார்கள். பழைய கேபிள்களைவிடப் பல மடங்கு வேகமாகத் துடிப்புகள் போயின. ஈடுகொடுக்க இரு முனைகளுக்கும் புதிய கருவிகள் வடிவமைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் மனிதக் குரல் அந்தக் கடலைக் கேபிள் வழியே கடக்கவில்லை. சுருள் துடிப்பின் வடிவத்தைக் காக்கும். தேய்ந்த வலிமையைத் திருப்பித் தராது. அதற்குக் கடலடியிலேயே பெருக்கிகள் வேண்டும். வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளை வழிநெடுக வைத்த முதல் அட்லாண்டிக் தொலைபேசிக் கேபிள் திறக்கப்பட்டது 1956-இல். வெற்றிடக் குழாய் எப்படிப் பிறந்தது என்பது அடுத்த இதழில்.